வீடாகப் பிறந்த பப்: ஆங்கிலக் கிராமத்து மரக்கட்டடங்கள் நிற்கும் விதம்

இங்கிலாந்தின் வூஸ்டர்ஷயரில், ஈவ்ஷம் நகரத்துக்குக் கிழக்கே சில மைல் தொலைவில் ப்ரெட்ஃபோர்ட்டன் என்ற கிராமம் இருக்கிறது. அங்குள்ள 'ஃப்ளீஸ் இன்' பெயர்போன பப். கறுப்பு மரச்சட்டங்கள், அவற்றுக்கிடையே வெள்ளைச் சுவர், தலையில் இடிக்கும் விட்டங்கள், அகன்ற கணப்பு என்று ஆங்கிலக் கிராமத்து பப் என்றதும் நாள்காட்டிப் படங்களில் நாம் பார்த்துப் பழகிய எல்லாமே அங்கு உண்டு. ஆனால் கட்டடம் எழுந்தது 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்; மது விற்கும் உரிமம் கிடைத்தது 1848இல். நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக அது ஒரு பண்ணைவீடாகத்தான் இருந்திருக்கிறது.

பர்ட் என்ற விவசாயக் குடும்பத்தின் வீடு அது. ஒரு கோடியில் மனிதர்கள், மறுகோடியில் கால்நடைகள், எல்லாருக்கும் ஒரே கூரை என்ற வகையில் கட்டப்பட்ட நீள்வீடு. அந்தக் குடும்பத்தின் கடைசி வாரிசான லோலா டாப்ளின் 1977இல் இறந்தபோது, கட்டடத்தை நேஷனல் டிரஸ்ட் என்ற மரபுப் பாதுகாப்பு அமைப்புக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார். உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலங்களை அங்கே விற்கக் கூடாது என்பது அவர் விட்டுச்சென்ற நிபந்தனை என்பார்கள். தன் வீட்டுக் கூடத்தில் என்ன நடக்கலாம், என்ன நடக்கக் கூடாது என்று சொல்லும் உரிமை ஒரு வீட்டுக்காரிக்கு உண்டல்லவா? அந்த உணர்வோடுதான் அவர் அதை நடத்தியிருக்கிறார்.

ஃப்ளீஸின் கதை விதிவிலக்கு அல்ல. பழைய கிராமத்து பப்களில் பெரும்பாலானவை பப்பாகக் கட்டப்பட்டவை அல்ல. அவை வீடுகள். ஆறு நூற்றாண்டுகளில் பண்ணைவீடு, சாராயம் வடிக்காமல் ஏல் என்ற பீர் வகையை மட்டும் காய்ச்சி விற்ற வீடு, பயணிகள் தங்கிய விடுதி, இன்றைய பப் என்று வேலை மாறிக்கொண்டே வந்தும் கட்டடம் தாக்குப்பிடித்தது எப்படி என்ற கேள்விக்கு விடை அதன் மரச்சட்டகத்தில் இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால், இந்த பப்களில் நாம் ரசிக்கும் பலவற்றுக்கும் காரணம் தெரிந்துவிடும். நாம் ரசிப்பவற்றில் சில பொய் என்பதும் தெரிந்துவிடும்.

எடை சுவரில் இல்லை

செங்கல் கட்டடத்தில் சுவர்தான் கூரையைத் தாங்குகிறது. மரச்சட்டகக் கட்டடத்தில் சுவருக்கு அந்த வேலையே இல்லை. தரையில் கல்லாலோ செங்கல்லாலோ முழங்கால் உயரத்துக்கு ஓர் அடிச்சுவர். அதன் மேல் படுக்கையாக ஓர் ஓக் உத்தரம். அதில் நட்டுவைத்த தூண்கள். தூண்களின் தலையில் நீளவாக்கில் ஓர் உத்தரம், குறுக்குவாக்கில் ஒரு விட்டம். அதற்கு மேல் கைமரங்கள். காற்றுக்கு ஆடாமல் இருக்க மூலைகளில் சாய்வு முட்டுகள். இவ்வளவும் சேர்ந்தால் கட்டடம் நின்றுவிடும். சுவர் என்று நாம் பார்ப்பது, சட்டங்களுக்கு நடுவிலுள்ள வெற்றிடத்தை அடைக்க வைத்த மண்பூச்சு மட்டுமே.

அந்த அடைப்பைச் செய்யும் முறை எளிது. மேல் சட்டத்தில் வரிசையாகத் துளைகள், கீழ்ச் சட்டத்தில் ஒரு பள்ளம். அவற்றில் செங்குத்தாக ஓக் குச்சிகளைச் செருகி, ஹேசல் மிலாறுகளை முன்னும் பின்னுமாகப் பின்னித் தட்டியாக்குவார்கள். களிமண், நறுக்கிய வைக்கோல், மாட்டுச் சாணம் மூன்றையும் மிதித்துக் குழைத்து இரு பக்கமும் அப்பி, காய்ந்தபின் சுண்ணாம்பு அடித்தால் சுவர் தயார். மரச்சட்டத்தை இழைத்த தச்சர் ஊரறிந்த கைவினைஞர். மண் அப்புவதற்கு வீட்டுக்காரரின் குடும்பமே போதும். சுவர் பழுதானால் பிய்த்துவிட்டுப் புதிதாக அப்பலாம். ஜன்னல் வேண்டுமென்றால் ஒரு கட்டத்துத் தட்டியை எடுத்துவிட்டால் போதும், வாசலுக்கும் அப்படித்தான். எதைத் தொட்டாலும் கூரை விழாது. ஒரு விவசாயியின் வீடு எந்தப் பெரிய இடிபாடும் இல்லாமல் பப்பாக மாற முடிந்ததன் முதல் காரணம் இதுதான்.

இரண்டு தூண் வரிசைகளுக்கு இடைப்பட்ட இடத்தை ஓர் அங்கணம் என்று வைத்துக்கொண்டால், அந்தக் காலத்து வீடுகளை அங்கணக் கணக்கில்தான் அளந்தார்கள். மூன்று அங்கண வீடு, நான்கு அங்கண வீடு என்று. வசதி வந்தால் ஒரு பக்கம் இன்னோர் அங்கணத்தை இணைத்துக்கொள்ளலாம். பழைய பப்களின் முகப்பு நீண்டு, கூரை மட்டம் நடுவில் ஏறி இறங்கித் தெரிந்தால், வெவ்வேறு தலைமுறைகளில் சேர்த்த அங்கணங்களைத்தான் பார்க்கிறோம்.

எல்லா ஊரிலும் சட்டகம் ஒரே மாதிரி இல்லை. இங்கிலாந்தின் மேற்கிலும் நடுப்பகுதியிலும் இயல்பாக வளைந்த மரமொன்றை நெடுக்காகப் பிளந்து, இரு பாதிகளையும் எதிரெதிராக நிறுத்தி உச்சியில் சேர்க்கும் பழைய முறை பரவலாக இருந்தது. தரையிலிருந்து கூரை முகடு வரை ஒரே வளைவு. கிழக்கு ஆங்கிலியாவிலும் தென்கிழக்கிலும் இந்த முறை அநேகமாக இல்லவே இல்லை. அங்கே தூண்களை நெருக்கமாக, ஒரு சாண் இரண்டு சாண் இடைவெளியில் வரிசையாக நிறுத்தினார்கள். கட்டுமானத்துக்கு அத்தனை தூண்கள் தேவையில்லை. "எனக்கு இத்தனை ஓக் வாங்க முடியும்" என்று ஊருக்குக் காட்டத்தான் அது. மேற்கு நடுநாட்டில் சதுரக் கட்டங்கள். சேஷயர், ஷ்ரோப்ஷயர் பக்கம் அந்தக் கட்டங்களுக்குள் வளைவுகளும் பூவேலைகளும். முகப்பைப் பார்த்தே எந்தப் பகுதி என்று ஓரளவு சொல்லிவிட முடியும்.

பச்சை மரமும் மர ஆணியும்

இந்தத் தச்சுவேலையில் என்னை மிகவும் வியக்கவைப்பது, அவர்கள் மரத்தைக் காயவைக்கவே இல்லை என்பது. வெட்டிய ஓக்கை ஈரத்தோடு, பச்சையாகவே செதுக்கினார்கள். காரணம் நடைமுறை சார்ந்தது. ஓக் காயக் காய இரும்பாக இறுகும். கோடரியும் உளியும் அதில் ஏறாது. மேலும், ஓர் அங்குலக் கனத்துக்கு ஏறத்தாழ ஓர் ஆண்டு என்ற கணக்கில்தான் அது காய்கிறது. பத்து அங்குலத் தூணுக்காகப் பத்தாண்டு காத்திருக்க எந்த விவசாயியால் முடியும்?

ஆகவே பச்சை மரத்தில் கட்டி, அது கட்டடத்திலேயே காயட்டும் என்று விட்டார்கள். காயும்போது மரம் சுருங்கும், முறுக்கும், வெடிக்கும். இதை அறிந்தே மூட்டுகளை அமைத்தார்கள். ஒரு மரத்தின் முனையை நாக்குபோலச் செதுக்கி, மற்றதில் துளையிட்டு அதைச் செருகி, இரண்டையும் ஊடுருவி ஓக் ஆணி அறைவது அடிப்படை முறை. நுட்பம் அந்த ஆணித் துளையில் இருக்கிறது. நாக்கில் இடும் துளையை, வெளிமரத்துத் துளைக்கு நேராக இடாமல் ஓரிரு மில்லிமீட்டர் உள்தள்ளி இடுவார்கள். கூம்பான ஆணியை அடித்து இறக்கும்போது அது நாக்கை உள்ளே இழுத்துப் பூட்டுகிறது. மரம் சுருங்கினாலும் மூட்டு கழலாது. ஆணியையும் ரம்பத்தால் அறுக்காமல் நார்வாக்கில் பிளந்தே எடுப்பார்கள். நார் அறுபடாத ஆணி ஒடியாது. இரும்பாணிக்கு இங்கே பெரிய வேலை இல்லை. ஓக்கின் டானின் அமிலம் இரும்பை அரித்துவிடும் என்பதும் மர ஆணிக்குச் சாதகம்.

தூண்களை மரம் வளர்ந்த திசைக்குத் தலைகீழாக நிறுத்தும் வழக்கமும் உண்டு. அடிமரத்தின் பருத்த பகுதி மேலே வரும். தூண், நீள உத்தரம், குறுக்கு விட்டம், சில நேரம் கைமரம் எல்லாம் ஒரே இடத்தில் கூடும் மூட்டு அது. அவ்வளவையும் செதுக்க அங்கே மரம் கூடுதலாக வேண்டும். பப் ஒன்றின் மாடியறையில் தூணின் தலை தடித்து அகன்றிருப்பதைப் பார்த்தால், அது அலங்காரம் இல்லை, மரத்தின் அடிப்பாகம்.

முழுச் சட்டகத்தையும் முதலில் தச்சரின் களத்தில் தரையில் படுக்கவைத்துச் செதுக்கிப் பொருத்திப் பார்ப்பார்கள். பிறகு கழற்றி, வண்டியில் ஏற்றி, கட்டும் இடத்துக்குக் கொண்டுபோய் ஊரார் கைகொடுக்க நிமிர்த்துவார்கள். எந்த மரம் எந்த மூட்டுக்கு என்று குழம்பாமலிருக்க, ஒவ்வொரு மூட்டின் இரு பக்கமும் உளியால் எண் பொறித்தார்கள். ரோமன் எண்கள்தான், நேர்க்கோடுகளை உளியால் வெட்டுவது சுலபம் என்பதால். நான்கு என்பதைப் பெரும்பாலும் நான்கு கோடுகளாகவே போட்டார்கள். மரத்தைத் திருப்பிப் பார்த்தாலும் ஆறோடு குழம்பாது. இந்த எண்கள் பல பப்களில் இன்னும் தெளிவாகத் தெரிகின்றன.

கழற்றி மாட்டக்கூடிய கட்டடம் என்பதால் இடம் மாற்றவும் முடியும். வூஸ்டர்ஷயரிலேயே ப்ரோம்ஸ்குரோவ் ஊரில் இடிக்கவிருந்த 15ஆம் நூற்றாண்டு வணிகர் வீடொன்றின் சட்டகத்தைக் கழற்றிக் காப்பாற்றி மீண்டும் நிமிர்த்தினார்கள். 1967இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட ஏவன்கிராஃப்ட் அருங்காட்சியகம் அந்த வீட்டைச் சுற்றித்தான் உருவானது. எக்ஸிடர் நகரில் 1961இல் சாலை போடுவதற்காக ஒரு மரச்சட்டக வீட்டைக் கழற்றாமல் முழுசாகவே சக்கரத்தில் ஏற்றி நகர்த்தி வைத்தார்கள்.

பச்சையாகப் பயன்படுத்தியதால் நமக்குக் கிடைத்த இன்னொரு லாபம், கட்டடத்தின் வயது. விட்டத்தில் மெல்லிய துளையிட்டு ஆண்டு வளையங்களை எண்ணி, பகுதி வாரியாகச் சேர்த்துவைத்த வளைய வரிசைகளோடு ஒப்பிட்டால் மரம் எந்த ஆண்டு வெட்டப்பட்டது என்பது தெரியும். பட்டைக்கு அடுத்த கடைசி வளையம் எஞ்சியிருந்தால் எந்தப் பருவத்தில் என்பதுகூடத் தெரியும். வெட்டிய ஓரிரு ஆண்டுகளுக்குள் கட்டிவிடுவார்கள் என்பதால் அதுவே கட்டடத்தின் பிறந்த ஆண்டு. "இங்கிலாந்திலேயே பழமையான பப்" என்று பலகை மாட்டியிருக்கும் பல இடங்களின் பெருமையை இந்த ஆய்வு சில நூற்றாண்டுகள் குறைத்திருக்கிறது. மனையில் மது விற்றது பழைய செய்தியாக இருக்கலாம், மரம் பொய் சொல்லாது.

கோணல் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். சாய்ந்த தூணும் வளைந்த தரையும் பெரும்பாலும் முதல் சில பத்தாண்டுகளில் மரம் காய்ந்தபோது வந்தவை. பிற்காலத்தில் யாரோ கதவு வைக்க ஒரு சாய்வு முட்டுச் சட்டத்தை அறுத்திருந்தாலோ, அடி உத்தரம் ஈரத்தில் மக்கியிருந்தாலோ இன்னும் சற்றுச் சாய்ந்திருக்கும். மூட்டுகள் விட்டுக்கொடுத்து அசைந்து, புதிய நிலையில் பாரத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. அதே அசைவை ஒரு செங்கல் சுவர் கண்டிருந்தால் பிளந்திருக்கும்.

கூடம், புகை, தாழ்ந்த கூரை

15ஆம் நூற்றாண்டு வீட்டின் நடுப்பகுதி, தரையிலிருந்து கூரை முகடு வரை திறந்த ஒரே கூடம். மாடி கிடையாது, புகைபோக்கியும் கிடையாது. தரையின் நடுவில் அடுப்பு. புகை மேலே ஏறிக் கூரை இடுக்குகளிலும் புகைவாயிலும் வெளியேறும். கூடத்தின் ஒரு முனையில் எதிரெதிராக இரண்டு வாசல்கள், அவற்றைச் சேர்க்கும் நடை. நடைக்கு அப்பால் ரொட்டிக்கும் பானத்துக்குமான இரண்டு சிறிய களஞ்சிய அறைகள். ஏல் பீப்பாய்க்கென்று குளிர்ச்சியான ஓர் அறை ஆரம்பத்திலிருந்தே வீட்டின் அங்கம் என்பதைக் கவனியுங்கள். தண்ணீரைப்போல தினமும் குடிக்கப்பட்ட பானம் அது. பீரைக் கெடாமல் காக்கும் ஹாப்ஸ் என்ற கசப்புப் பூ சேர்க்காத ஏல் சில நாட்களில் புளித்துவிடும், அதனால் வீட்டுக்கு வீடு பெண்கள் அடிக்கடி காய்ச்சினார்கள். மிச்சமிருந்தால் வாசலில் ஒரு கழியில் செடிக்கொத்தைக் கட்டி வைப்பார்கள். அக்கம்பக்கத்தவர் வந்து அதே கூடத்தில் உட்கார்ந்து குடித்துவிட்டுப் போவார்கள்.

16ஆம் நூற்றாண்டிலும் 17இன் முற்பகுதியிலும் கிராமத்து வீடுகளில் ஒரு பெரிய மாற்றம் பரவியது. செங்கல் மலிவாகி, புகைபோக்கி கட்டுவது கட்டுப்படியானது. கூடத்தின் நடுவிலிருந்த அடுப்பு புகைபோக்கியின் அடியில் போய் உட்கார்ந்தது. புகை போன பிறகு உயரத்தில் வீணாகக் கிடந்த வெற்றிடத்தில் ஒரு மாடித் தளம் போட்டார்கள். பப்பில் நாம் தலையை இடித்துக்கொள்வது இந்தத் தளத்தின் விட்டத்தில்தான். அந்தக் கால மனிதர்கள் குள்ளமாக இருந்தார்கள், அதனால் கூரையும் தாழ்வு என்று உள்ளூர்க்காரர்களே சொல்வதுண்டு. சராசரி உயரம் நம்மைவிடச் சில அங்குலம் குறைந்திருக்கலாம், அவ்வளவே. உண்மைக் காரணம், ஏற்கெனவே உள்ள ஓர் உயரத்தை இரண்டாக வகுத்தது. தாழ்ந்த அறை சீக்கிரம் சூடேறும் என்பது கூடுதல் வசதி.

மாடியில் உள்ள கூரை மரங்களை ஏணி வைத்துப் பார்த்தால் சில வீடுகளில் கைமரங்கள் கன்னங்கரேலென்று இருக்கும். பெயின்ட் இல்லை, புகைபோக்கிக்கு முந்தைய நூறு, இருநூறு ஆண்டுகளின் அடுப்புப் புகைக்கரி. இந்த வீடு ஒரு காலத்தில் திறந்த கூடமாக இருந்தது என்பதற்கு அதைவிட நேரடியான சான்று வேறில்லை.

புதிய கணப்பு அகலமானது. சமையலும் அதிலேயே நடந்தது. அதன் வாயை மூடி நிற்கும் கனத்த ஓக் விட்டத்தில் கண்ணீர்த்துளி வடிவில் சிறு சிறு கருகல்கள் இருப்பதுண்டு. மெழுகுவத்தி தவறிச் சுட்ட தழும்பு என்று நீண்ட காலம் நினைத்தார்கள். அதேபோன்ற மரத்தில் சுட்டுப் பார்த்த ஆய்வாளர்கள், அந்த வடிவம் தற்செயலாக வராது, சுடரைச் சாய்த்து வேண்டுமென்றே பிடித்தால்தான் வரும் என்று காட்டினார்கள். வீடு தீப்பற்றாமலிருக்கச் சிறு நெருப்பால் காப்பிடுவது அவர்களின் நம்பிக்கையாக இருந்திருக்க வேண்டும். ஃப்ளீஸில் கணப்பின் முன் தரையில் வெள்ளை வட்டங்கள் வரைந்திருக்கின்றன. புகைபோக்கி வழியாகச் சூனியக்காரி இறங்கி வராமல் தடுக்க வரைந்த வழக்கம் அது. இன்றும் மங்காமல் பேணுகிறார்கள். புகைபோக்கிக்குள் பழைய செருப்பு, காலணிகளை ஒளித்துவைக்கும் வழக்கமும் பரவலாக இருந்தது. அப்படிக் கிடைத்தவற்றுக்கு நார்த்தாம்ப்டன் அருங்காட்சியகத்தில் ஒரு பதிவேடே இருக்கிறது. எல்லாக் காப்புகளும் வாசல், ஜன்னல், புகைபோக்கி என்று திறப்புகளைச் சுற்றியே இருக்கின்றன. தட்டியும் மண்ணும் வைக்கோலும் கொண்ட வீட்டில் நெருப்போடு வாழ்ந்தவர்களின் பயத்தை அவை சொல்கின்றன.

வீடு பப் ஆனபோது

1552இல் வந்த சட்டம் ஏல் விற்கும் வீடுகளுக்கு நீதிபதிகளின் உரிமம் வேண்டும் என்றது. 1830இல் வந்த பீர் சட்டம் அதைத் தளர்த்தி, வரி செலுத்தும் எந்த வீட்டுக்காரரும் இரண்டு கினி (பழைய ஆங்கில நாணயம்) கட்டணம் கட்டித் தன் வீட்டிலேயே பீர் விற்கலாம் என்று அனுமதித்தது. ஆயிரக்கணக்கான வீட்டு முன்னறைகள் மதுக்கூடங்களாயின. ஃப்ளீஸ் உரிமம் பெற்றதும் இந்தக் காலகட்டத்தில்தான்.

அப்போதும் கட்டடத்தில் மாற வேண்டியது அதிகமில்லை. இன்று பப் என்றால் முதலில் நினைவுக்கு வரும் நீண்ட மேசைத்தடுப்பு 19ஆம் நூற்றாண்டின் வரவு. அதற்கு முன் விருந்தாளி சமையலறையிலோ கூடத்திலோ உட்காருவார். வீட்டுக்காரி உள்ளறைப் பீப்பாயிலிருந்து குடுவையில் நிரப்பிக் கொண்டுவருவார். பாதாள அறையிலிருந்து பீரை மேலே இழுக்கும் கைப்பம்புக்கு ஜோசப் பிரமா 1797இல் காப்புரிமை பெற்றார். அது பரவிய பிறகுதான் பீர் வழங்கும் இடம் ஓரிடத்தில் நிலைத்தது, அதைச் சுற்றித் தடுப்பும் வந்தது. தரை ஓடு பாவிய சாதாரண அறையில் உழைப்பாளிகள், சற்று வசதியான அறையில் மற்றவர்கள், ஒதுக்குப்புறச் சிறு அறையில் தனிமை வேண்டுவோர் என்று வீட்டின் பழைய அறைகளே சமூக அடுக்குகளுக்கும் பொருந்திப்போயின. கணப்பின் அருகே போடும் உயரமான முதுகுள்ள மர இருக்கைகூட, வாசல் காற்று முதுகில் அடிக்காமலிருக்கச் செய்த வீட்டுச் சாமான்தான்.

விடுதியாகவே கட்டப்பட்டவையும் உண்டு, ஒப்பிடுவதற்காக இரண்டைச் சொல்லலாம். சோமர்செட்டின் நார்ட்டன் செயின்ட் ஃபிலிப் கிராமத்திலுள்ள 'ஜார்ஜ் இன்', ஹின்டன் மடத்துத் துறவிகள் கம்பளிச் சந்தை வணிகர்களுக்காக எழுப்பியது. கீழ்த்தளம் கல், மேலே இரண்டு மரத்தளங்கள், ஒவ்வொன்றும் கீழுள்ளதைவிடத் தெருப்பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும். 1685இல் மன்மத் கோமகன் தன் கிளர்ச்சிப் படையோடு இங்கே தங்கினார். சசெக்ஸின் ஆல்ஃப்ரிஸ்டன் கிராமத்து 'ஸ்டார் இன்' முகப்பில் செதுக்கிய உருவங்கள் இருக்கின்றன. இரண்டுமே வீதியை நோக்கி, வருகிறவரை ஈர்க்கக் கட்டியவை. ஃப்ளீஸ் போன்றவற்றுக்கு அந்தத் தோரணை இல்லை.

மேல்தளம் முன்னால் துருத்தி நிற்பதற்கு நகரங்களில் இடநெருக்கடி ஒரு காரணம். கிராமத்தில் இடத்துக்கு என்ன பஞ்சம்? அங்கே அது பெரும்பாலும் அந்தஸ்து. கட்டுமானத்திலும் ஒரு பயன் உண்டு: வெளியே நீண்ட சட்டமுனையில் மேல்சுவரின் எடை அமர்வதால், அறைக்குள் தரை தொய்வது குறையும்.

கறுப்பும் வெள்ளையும்

இனி அந்த நாள்காட்டிப் படத்துக்கு வருவோம். கறுப்புச் சட்டமும் பளிச்சென்ற வெள்ளைச் சுவரும் இடைக்காலத் தோற்றம் அல்ல. ஓக்கை அப்படியே விட்டால் சில ஆண்டுகளில் வெள்ளிச்சாம்பல் நிறத்துக்கு வரும். பல ஊர்களில் சட்டம், சுவர் இரண்டின் மீதும் சேர்த்தே சுண்ணாம்பு அடித்தார்கள். காவி, மஞ்சள் மண் கலந்து வண்ணமும் சேர்த்தார்கள். கறுப்புப் பூச்சு பெரிதும் 19ஆம் நூற்றாண்டு மோகம். எரிவாயு ஆலைகளின் கழிவாகத் தார் மலிவாகக் கிடைத்த காலம் அது. பழைய இங்கிலாந்து இப்படித்தான் இருந்திருக்கும் என்று விக்டோரியா காலத்தவர் கற்பனை செய்த நிறத்தை நாம் இன்று பழமையின் அடையாளமாக வைத்திருக்கிறோம்.

அந்தக் கற்பனை ஒரு தொழிலாகவே ஆனது. இரண்டு உலகப்போர்களுக்கு இடையில் மது ஆலை நிறுவனங்கள் சாலையோரங்களில் கட்டிய பெரிய பப்கள் பல, செங்கல் சுவரின் மேல் கறுப்புப் பலகைகளை ஒட்டி மரச்சட்டக வேடம் போட்டவை. வேறுபடுத்துவது கடினமில்லை. ஒட்டுப்பலகையில் மர ஆணித் தலைகள் இருக்காது. கோடுகள் ஒரே அகலத்தில் ஒழுங்காக ஓடும். மூலையில் சுற்றிப் பார்த்தால் கனம் இரண்டு அங்குலம்கூட இருக்காது. அதைவிட நிச்சயமான வழி, அந்தச் சட்டங்கள் கூரையைத் தாங்க முடியுமா என்று கண்ணால் கணக்குப் போட்டுப் பார்ப்பது.

இன்னொரு பிரபலமான கதை கப்பல் மரம். "இந்த விட்டங்கள் ஸ்பானிய ஆர்மடா கப்பல்களிலிருந்து எடுத்தவை" என்று, 1588இல் இங்கிலாந்தின் மீது படையெடுத்து வந்த கடற்படையைக் குறிப்பிட்டு, கடலிலிருந்து வெகுதூரத்திலுள்ள பப்களில்கூடச் சொல்வார்கள். விட்டத்தில் எதுவும் செருகாத துளைகள் தெரிவதுதான் இந்தக் கதைக்கு விதை. வேறொரு கட்டடத்தில் வேலை செய்த மரத்தை மறுபடி பயன்படுத்தியதன் அடையாளம் அது; பெரும்பாலும் அடுத்த தெருக் களஞ்சியமாக இருக்கும். சில சமயம் அந்த விட்டமே முன்பு தாங்கியிருந்த தடுப்புச் சுவரின் தடம். வெற்றுத் துளைகளைத் தொடர்ந்து போனால் காணாமல் போன சுவரை மனத்தில் மீண்டும் கட்டிவிடலாம். எனக்கு ஆர்மடாவைவிட அந்தச் சுவர்தான் சுவாரசியமானது. ஆல்ஃப்ரிஸ்டன் ஸ்டாரின் மூலையில் நிற்கும் சிவப்புச் சிங்கம் மட்டும், 17ஆம் நூற்றாண்டு டச்சுக் கப்பலொன்றின் முகப்புச் சிற்பம் என்று கருதப்படுகிறது.

சிமென்ட், இடிப்பு, நெருப்பு

ஆறு நூற்றாண்டு நின்ற சட்டகத்தை அறுபதே ஆண்டுகளில் கெடுக்கும் வழியொன்றை 20ஆம் நூற்றாண்டு கண்டுபிடித்தது. மண்ணும் சுண்ணாம்பும் ஈரத்தை உறிஞ்சி மீண்டும் வெளியே விடுபவை. மழைக்கு நனையும், வெயிலுக்கும் காற்றுக்கும் காயும். அவற்றைப் பிய்த்துவிட்டு சிமென்ட் பூசியபோது, சட்டத்துக்கும் சிமென்டுக்கும் இடையே மரம் சுருங்கி விரியும்போதெல்லாம் மயிரிழை விரிசல் விழுந்தது. அதில் இறங்கிய மழைநீருக்கு வெளியேற வழியில்லை. மேலே நெகிழிப் பெயின்ட் வேறு. வெளியே பளபளப்பாகத் தெரியும் சுவருக்குள் அடி உத்தரம் பஞ்சாக மக்கிக்கொண்டிருக்கும். பழைய கட்டடங்களைச் செப்பனிடுபவர்கள் இன்று செய்யும் முதல் வேலை, பல இடங்களில், நல்லெண்ணத்தோடு பூசிய அந்த சிமென்டை உடைத்தெடுப்பது. வில்லியம் மாரிஸ் 1877இல் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் அப்போதிருந்தே சொல்லிவருவது இதுதான்: புதுப்பிக்காதே, பழுதுபார். மக்கிய பகுதியை மட்டும் வெட்டியெடுத்து, அதே ஓக்கை அதே மூட்டு முறையில் ஒட்டுச் சேர்த்தால் போதும்.

உள்ளேயும் இழப்புதான். 1960களுக்குப் பிறகு பல மது ஆலைகள், ஒரே ஆள் மேற்பார்வையிட வசதியாக, தடுப்புச் சுவர்களை இடித்துச் சிறு அறைகளை ஒரே மண்டபமாக்கின. சட்டகம் நின்றது; வீடு போய்விட்டது. இது எனக்கு சிமென்டைவிடப் பெரிய சேதமாகப் படுகிறது. சிமென்டை எடுத்துவிடலாம், மூன்று அறைகளில் மூன்று விதமாகப் பேசிக்கொண்டிருந்த ஒரு ஊரின் பழக்கத்தை மீட்க முடியாது. 1971இல் உருவான கேம்ரா என்ற பீர் நுகர்வோர் இயக்கம், நல்ல பீருக்காகத் தொடங்கி, உட்புறம் கெடாத பப்களின் தேசியப் பட்டியலைத் தயாரிக்கும் வரை வந்ததற்கு இந்த இழப்பே காரணம். ஃப்ளீஸின் சிறு அறைகள் தப்பியதில் லோலா டாப்ளினின் பிடிவாதத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

சட்டப் பாதுகாப்பும் இருக்கிறது. 1947 முதல் வரலாற்றுக் கட்டடங்களைப் பட்டியலிடும் முறை நடைமுறையில் உள்ளது. பட்டியலில் உள்ள கட்டடத்தின் உள்ளே ஒரு தடுப்பை எடுக்கவும் அனுமதி வேண்டும். பட்டியலில் இல்லாதவற்றின் கதி என்ன என்பதை 2023 ஆகஸ்டில் நாடே பார்த்தது. ஸ்டாஃபோர்ட்ஷயரில் சுரங்கத்தால் சாய்ந்து பிரபலமான 'குருக்கெட் ஹவுஸ்' என்ற 18ஆம் நூற்றாண்டு செங்கல் பப், தீப்பிடித்த இரண்டே நாளில் இடித்துத் தள்ளப்பட்டது. அடுத்த ஆண்டு, பழையபடியே திரும்பக் கட்ட வேண்டும் என்று உள்ளாட்சி மன்றம் உத்தரவிட்டது.

ஃப்ளீஸையும் நெருப்பு விடவில்லை. 2004 பிப்ரவரியில் வைக்கோல் வேய்ந்த கூரைப் பகுதி பற்றிக்கொண்டது. கூரை பெரிய சேதம் கண்டது; கீழறைகளின் பழைய சாமான்களும், 17ஆம் நூற்றாண்டு உள்நாட்டுப் போர்த் தலைவர் கிராம்வெல் விட்டுப்போனதாகக் கதை சொல்லப்படும் பியூட்டர் (வெள்ளீயக் கலவை) தட்டுகளும் தப்பின. கனத்த ஓக் எரியும் விதமும் இத்தகைய கட்டடங்களுக்கு ஒரு துணை. மேற்பரப்பு நிமிடத்துக்கு ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் என்ற வேகத்தில் கரியாகும், அந்தக் கரியே உள்மரத்துக்குக் கவசமாகிவிடும். அதே நெருப்பில் மெல்லிய இரும்பு உத்தரம் சீக்கிரமே தளர்ந்து வளைந்துவிடும். ஃப்ளீஸ் 2005இல் மீண்டும் திறந்தது.

அந்தப் பக்கம் போகிறவர்கள் முதலில் ப்ரோம்ஸ்குரோவின் ஏவன்கிராஃப்ட் அருங்காட்சியகத்துக்குப் போவது நல்லது. மூட்டுகளையும் ஆணிகளையும் எண்களையும் மறைப்பில்லாமல் அங்கே பார்க்கலாம். அங்கிருந்து ப்ரெட்ஃபோர்ட்டனுக்குக் காரில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஃப்ளீஸில் நுழைந்ததும் கறுப்பு வெள்ளை முகப்பைப் படம் எடுக்கும் அவசரம் வேண்டாம். கணப்பு விட்டத்தின் அடிப்பக்கம், தூணும் உத்தரமும் சேரும் இடம், எதிரெதிர் வாசல்கள் இருந்திருக்கக்கூடிய நடை ஆகியவற்றைத் தேடிப் பாருங்கள். மே மாதமானால் ஆஸ்பராகஸ் என்ற தண்டுக் காய்கறியின் அறுவடைக் காலம். ஈவ்ஷம் பள்ளத்தாக்கின் விளைச்சலை அங்கே ஏலம் விடும் வழக்கம் இருக்கிறது, கூட்டம் அதிகமாக இருக்கும்.